காப்பிக்கு ஏற்ற கையெழுத்து

அறிவியல் டீச்சர் மழையோடு மழையாக ஜெராக்ஸ் கடைக்குள் ஏறியதும், கடைக்காரர் எடுத்த முதல் முடிவே தப்பு.

“வாங்க டீச்சர். கொஸ்டின் பேப்பர்தானே? எத்தனை செட் போடணும்?”

டீச்சர் குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். கைப்பைக்குள் பாலித்தீன் உறை, உறைக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் ஒரு விடைத்தாள் கட்டு. மேலே இருந்த தாளை உருவி, மெஷினின் மூடியைத் தானே தூக்கி, எழுத்து மேலே தெரிகிற மாதிரி கண்ணாடிமேல் வைத்தார்.

“அப்படி வெச்சா வராது டீச்சர். கவுத்து வைக்கணும்.”

“காப்பி எடுக்க வரல. படிங்க. சிவப்புல கோடு போட்டிருக்கேன் பாருங்க, அந்த வரி.”

கடைக்காரர் நெற்றியில் கிடந்த மூக்குக்கண்ணாடியை இறக்கினார். ‘இரத்தத்தில் உள்ள கழிவுகள் இவ்வாறு பிரிக்கப்பட்ட பிறகு, மகரந்தத் தூள் காற்றின் மூலமாகவோ பூச்சிகளின் மூலமாகவோ சூல்முடியைச் சென்றடைகிறது.’ இரண்டு தடவை படித்தார்.

“எழுத்து தெளிவா இருக்கு டீச்சர்,” என்றார் ஜாக்கிரதையாக.

“கேள்வி என்ன தெரியுமா? சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது.”

“ஓ.”

“கிட்னிக்குள்ள பூச்சி எந்த வழியா போச்சு, சொல்லுங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வழி கிடைக்கல.”

அடுத்த தாளை வைத்தார். அதிலும் பூச்சி. அதற்கடுத்ததிலும். மாதிரித் தேர்வு எழுதிய வகுப்பில் பாதிக்கு மேல், ஒரே இடத்தில், ஒரே கமாவோடு சிறுநீரகத்தை விட்டுவிட்டுப் பூவுக்குத் தாவியிருந்தது. கடைக்காரர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இந்தக் கமாவை அவருக்குத் தெரியும். இந்தக் கடையிலிருந்து போன கமா.

ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து அறிவியல் நோட்ஸின் ஒரிஜினலை எடுத்தார். ஒவ்வொரு தாளும் தனித்தனிக் கண்ணாடித்தாள் உறையில் இருந்தது. இந்தப் பக்கம் கிட்னி. அந்தப் பக்கம் பூ. நடுவே ஒரு தாள், கிட்னியின் மிச்சமும் பூவின் ஆரம்பமும் உள்ள தாள், பத்திரமாக இருந்தது. காப்பியில்தான் இல்லை.

பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு.

“ஈரம் டீச்சர். உறையிலிருந்து எடுத்து அடுக்கினப்ப, இந்த மழைக்கு ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணா உள்ள போயிருக்கு. காகிதக் கட்டையெல்லாம் மெஷின் முதுகு மேல வெச்சுக் காயப் போட்டுத்தான் ஓட்டறேன். ஒரிஜினல்லயே ஈரம் ஏறும்னு நினைக்கல. விட்டுப்போன தாளை இன்னைக்கே போட்டு ஆளுக்கொண்ணு சும்மா குடுத்துடறேன்.”

“மெஷினுக்கு ஈரம். சரி. பசங்களுக்கு என்ன ஆச்சு? ஒருத்தனுக்குக்கூடவா சந்தேகம் வரல?”

டீச்சர் கட்டின் அடியிலிருந்து கடைசித் தாளை எடுத்தார். அதைக் கண்ணாடிமேல் வைக்கவில்லை. கடைக்காரர் கையிலேயே கொடுத்தார்.

பெயர் பார்க்கவே வேண்டாம். மூன்று வருஷமாக இந்தக் கடையை ஓட்டுகிற கையெழுத்து அது. மணிமணியாக, சாயாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல். அதிலும் கழிவுகள் பிரிக்கப்பட்ட பிறகு மகரந்தத் தூள் சூல்முடியைச் சென்றடைந்திருந்தது.

“மத்தவங்க உங்க காப்பியைப் படிச்சாங்க. ஏமாந்தாங்க,” என்றார் டீச்சர். “இவதானே அந்த நோட்ஸையே எழுதினவ?”

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரை லேசாக ஆடியது. அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் கடைக்காரரின் மகள்.

வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘ஒரிஜினல்’.

எட்டாவது படிக்கும்போது ஒரு பையன் காய்ச்சலில் கிடந்தான். அவனுக்காக அவளுடைய நோட்டை அப்பா ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். மறுநாள் அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். அந்த வாரமே பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அப்போதுதான் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகச் சொந்தமாகப் பிரிண்டர் வாங்கிக்கொண்டிருந்தன. கடைக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை ஒரு காப்பி, கைவசம் சில்லறை இல்லை என்கிற ரகமாகக் குறைந்துபோயிருந்தார்கள். அப்பா வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நல்ல கறுப்புப் பேனா இரண்டு வாங்கிவந்து அவள் மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நீலத்தில் எழுதினால் காப்பி வெளுக்கும். இடது பக்கம் இரண்டு விரல் இடம் விடாவிட்டால் ஸ்பைரல் ஓட்டை முதல் எழுத்தைத் தின்றுவிடும். வண்ணப் பேனாவால் அடிக்கோடு போடக் கூடாது, கறுப்புத் தீற்றலாக விழும். சுருக்கி எழுதினால் வாங்குகிறவன் இது என்ன என்று வந்து நிற்பான், அதனால் எல்லாம் முழு வாக்கியம். ஒருமுறை தனக்குப் புரியாத ஒரு வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அது அத்தனை காப்பியிலும் விழுந்து, பரீட்சைக்கு வருமா வராதா, முக்கியமா, தப்பா என்று கடையில் கூட்டம். அப்பா ஒயிட்னர் எடுத்து அந்தக் கேள்விக்குறியை அழித்தார். அவளுடைய சந்தேகம் வெள்ளையாகக் காய்ந்தது.

ஒரிஜினல் தாளை அவளே தொட முடியாது. விரல்ரேகை பட்டால் காப்பியில் அழுக்காகத் தெரியும். அதனால் அவளும் வீணாய்ப்போன காப்பிகளை வைத்துத்தான் படித்தாள். கோணலாக விழுந்தது, பாதி வெளுத்தது, இப்படி.

வீடு என்று தனியாக ஒன்று இல்லை. திரைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையல் மூலை, அதற்குப் பின்னால் சுவர். கடைக்குப் பெரிய மெஷின் வந்தபோது வழியில் பாதியை அது எடுத்துக்கொண்டது. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் அப்பா நகர வேண்டும், மெஷினின் தாள் தட்டை உள்ளே தள்ள வேண்டும், கவுண்டர் பலகையைத் தூக்க வேண்டும். “மெஷின்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டுப் போறேன்,” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்போதெல்லாம் சிரிப்பு இல்லாமல் சொல்கிறாள்.

பத்தாவது பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். வேறோர் ஊரில், விடுதியோடு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பு ஒன்று இருந்தது. அறிவியலில் நல்ல மார்க் இருந்தால்தான் இடம். அவள் மூன்று வருஷமாக அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் போய் வெகுநேரம் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா உள்ளே வந்தார். தட்டில் சோறும் பொரித்த முட்டையும் இருந்தன. மழையில் கூரைத்தகரம் பேசவிடாமல் அடித்தது. அம்மா ஒரு கையால் பரிமாறி, மறு கையால் ஸ்பைரல் கம்பியைத் தாள்களுக்குள் சுழற்றி ஏற்றிக்கொண்டிருந்தாள். சீசனில் அவளுக்கு இரண்டு கையும் ஒரே வேலைக்குக் கிடைப்பதில்லை.

“விட்டுப்போன தாளைப் போட்டுட்டேன். பசங்க வந்து வாங்கிட்டுப் போகுது,” என்றார் அப்பா. “ஒண்ணும் கவலைப்படாத கண்ணு. நீயும் அந்த வீணாப்போன காப்பியைத்தானே படிச்சே. உனக்கும் அந்தத் தாள் இல்ல. அவ்வளவுதான் விஷயம்.”

அம்மா கம்பியை நிறுத்தினாள். “நீ எழுதினதுதானேடி அது. எழுதறப்ப கிட்னி எங்க முடியுதுன்னு தெரியலையா?”

“எழுதறப்ப எழுத்தைத்தான்மா பாப்பேன்.”

“அப்படின்னா?”

“கோடு நேரா இருக்கா, எழுத்து ஒட்டுதா, ஓரம் விட்டிருக்கா... அதைத்தான் பாப்பேன். என்ன எழுதறேன்னு பாக்க மாட்டேன். பாத்தா மெதுவாயிடும்.”

அம்மா கம்பியைத் தாள்களோடு ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“மாதிரித் தேர்வுதானே,” என்றார் அப்பா. “மார்க் கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் என்ன? நமக்குக் கடை இருக்குல்ல?”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“இன்னும் ஒளி, மின்சாரம், காந்தம். மூணே பாடம். பசங்க தினம் கேக்குது. அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் உன் பாட்டுக்குப் படி. நான் குறுக்க வர மாட்டேன்.”

“ஒரு பாடம் எழுதவே எத்தனை நாள் ஆகுதுன்னு தெரியும்ல உங்களுக்கு?” என்றாள் அம்மா.

“தெரியாமலா? அதுக்காக என்ன பண்ணச் சொல்றே? எல்லாப் பாடமும் கிடைக்கும்னு போர்டு எழுதி மாட்டியாச்சு.”

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரிஜினல் நேரே பக்கத்து இஸ்திரிக் கடைக்குப் போனாள். அங்கே ‘கிறுக்கி’ இருப்பாள். வகுப்பில் கடைசி பெஞ்ச். மாலையில் அப்பாவோடு சேர்ந்து துணி தேய்ப்பவள். கையெழுத்தைப் பார்த்தால் பேனாவுக்கு வலிப்பு வந்ததோ என்று தோன்றும். ஆனால் மாதிரித் தேர்வில் கிட்னியைக் கிட்னியாகவே எழுதிய சிலரில் அவளும் ஒருத்தி.

“வாங்க மேடம். எங்க உங்க பூச்சி? தனியா வந்திருக்கீங்க?”

“ஏற்கெனவே நொந்து போயிருக்கேன்டி.”

“சரி சரி. அந்த ஸ்டூல்ல உக்காரு. ஓரமா. சூடு பட்டா என்னைச் சொல்லாத.”

மழைநாளில் காயாத துணி மலையாகக் குவிந்திருந்தது. தேய்த்த சட்டையிலிருந்து ஆவி எழும்பி, கூரையில் முட்டி, திரும்ப இறங்கியது. கிறுக்கியின் அப்பா மறுமூலையில் போர்வை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“நீ மட்டும் எப்படிடி சரியா எழுதினே?”

“உன் நோட்ஸை நான் வாங்கல, அதனாலதான்.”

“ஏன் வாங்கல?”

“கடன் வாங்கி ரெண்டு பக்கம் படிச்சேன். அவ்வளவு அழகா இருந்துச்சு. தூக்கம் வந்துடுச்சு.” இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலர்மேல் அழுத்தினாள். “எனக்கு அழகா இருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். மூடி வெச்சா ஒண்ணும் இருக்காது.”

“நீ எப்படிப் படிக்கிறே?”

“சொன்னா சிரிப்பே.”

“சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?”

கிறுக்கி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஒரு பக்கம் படிப்பேன். படிச்சதும் புஸ்தகத்தைத் தூக்கி அந்தப் பரண்மேல போட்டுடுவேன். கைக்கு எட்டக் கூடாது. எட்டினா எட்டிப் பாப்பேன், என்னைப்பத்தி எனக்குத் தெரியும். அப்புறம் தேய்ச்சுக்கிட்டே சட்டைகிட்ட சொல்லுவேன்.”

“சட்டைகிட்டயா?”

“எதிர்த்துப் பேசாதுல்ல. சொல்லிக்கிட்டே வருவேன், ஒரு இடத்துல நாக்கு நின்னுடும். அந்த இடத்தைத்தான் எழுதி வெப்பேன். வந்ததை எதுக்கு எழுதணும்? வராததுதானே வேணும்.”

தேய்த்த துணி சுற்றுகிற பழைய செய்தித்தாளின் ஓரங்களை உருவிக் காட்டினாள். பாதி வார்த்தைகள், அம்புகள், ‘ஏன்?’, ‘மறுபடி மறந்தேன் சனியனே’, ஒரு மாடுபோல இருந்த இதயம்.

“இதுல பதிலே இல்லையேடி.”

“பதில் புஸ்தகத்துல இருக்கு. நான் எங்க மாட்டிக்கிட்டேன்னு புஸ்தகத்துல இருக்குமா? அது இதுலதான் இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு இந்தத் துண்டை மட்டும் பாத்து மறுபடி சொல்லுவேன். எழுத்து எனக்கே புரியாது, அதனால புதுசா எழுத வேண்டி வரும். அதுவும் நல்லதுதான்.”

“கிட்னி சொல்லு பாப்போம்.”

“அழுக்குத்துணி மூட்டை வருது. மொத்தத்தையும் வெளிய கொட்டிடுது, நல்லது கெட்டது பாக்காம. அப்புறம் பதறிப்போய், ஐயையோ இது வேணுமே, அது வேணுமேன்னு நல்லதையெல்லாம் பொறுக்கித் திரும்ப உள்ள எடுத்துக்குது. மிச்சம் சாக்கடை.”

“நான் அதை எழுதியிருக்கேன்டி. ‘தேர்ந்தெடுத்து மீள உறிஞ்சுதல்’.”

“எழுதியிருக்கே. இப்பச் சொல்லு.”

ஒரிஜினல் கண்ணை மூடினாள். முதல் வரி தடங்கலில்லாமல் வந்தது. இரண்டாவது வரிக்குப் பக்கம் கண்முன் தெரிந்தது. இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம். நடுவில் ஒரு படம். படத்துக்குக் கீழே ஒரு பெட்டி.

“பெட்டி வரும்,” என்றாள். “இரட்டைக்கோடு போட்ட பெட்டி.”

“பெட்டிக்குள்ள?”

கண்ணைத் திறக்கவில்லை. பெட்டி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. உள்ளே கறுப்புக் கோடுகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை.

“பெட்டிக்குத் தனியா மார்க் குடுப்பாங்களாடி?” என்றாள் கிறுக்கி. சொன்னபிறகுதான் தோழியின் முகத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஈரக்கையால் அவள் தோளைத் தொட்டாள். “ஏய். விளையாட்டுக்குச் சொன்னேன்.”

அன்று மாலையே ஒரிஜினல் ஆரம்பித்தாள். ஒரு பத்தி படித்து, புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து, கேட்டாலும் கொடுக்காதே என்றாள். பாழாய்ப்போன காப்பித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு சொல் வந்தது. நடுவே பெரிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டாள். புத்தகத்தை வாங்கி ஓட்டையை மட்டும் பார்த்தாள். மறுபடி கொடுத்தாள். கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்னி ஆனது. ‘முதல்ல கொட்டு, அப்புறம் பொறுக்கு’ என்றும், மறந்த இடத்தில் அம்பு போட்டு ‘சனியனே’ என்றும் ஓரத்தில் கிறுக்கினாள். ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை. தாளின் விளிம்புவரை எழுதினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கை, கண்ணுக்கு முன்னால் ஓடியது.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் அப்பா அந்தத் தாள்களைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். எழுதிய தாளைக் கண்டால் அவர் கை அதைக் கண்ணாடிமேல்தான் வைக்கும். வைத்தார். காத்திருந்த பசங்களில் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

“இது என்ன அங்கிள்? ஒரிஜினல் இப்படி எழுத மாட்டாளே.”

“புது மாதிரி.”

“ஒரு காப்பி குடுங்க.”

மத்தியானத்துக்குள் ‘கிறுக்கல் நோட்ஸ்’ என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. வகுப்பில் முன்பெஞ்ச் பெண் ஒருத்தி ஓடிவந்து தாளை நீட்டினாள்.

“இந்த அம்பு எதுக்குடி?”

“அந்த இடம் எனக்கு மறந்துபோகும். அதனால போட்டேன்.”

“பரீட்சைல நாங்களும் போடணுமா?”

ஒரிஜினல் அவளையே பார்த்தாள். அந்தப் பெண் விளையாடவில்லை. அம்பின் நீளத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாயெல்லாம் பல்லாக இருந்தார். “கண்ணு, இதுதான் வேணுமாம். இது உனக்குச் சீக்கிரமும் முடியுதுல்ல? ரெண்டு பேருக்கும் நல்லது. ஒளிப் பாடத்தை இதே மாதிரி கிறுக்கிக் குடு. ஆனா கொஞ்சம் தெளிவா கிறுக்கு. அந்த ‘சனியனே’ எல்லாம் வேணாம்.”

“அது என்னோடதுப்பா.”

“உன்னோடதுதான். யாரு இல்லன்னா? பசங்க ஒளிக்காக நிக்குது.”

“விடுங்களேன் அவளை,” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு. பொண்ணை வதைக்கிறேனா நான்? அவ படிக்கிறதைத்தானே கேக்கறேன். வேற வேலையா குடுக்கறேன்?”

அம்மா மறுபடி ஸ்பைரல் கம்பியை எடுத்தாள். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம்.

ஒரிஜினல் மேஜையில் உட்கார்ந்தாள். ஒளி. ஒரு பக்கம் படித்தாள், மூடினாள், எழுதினாள். நாலு வரி போனதும் கை தயங்கியது. பார்த்தால் இடது பக்கம் இரண்டு விரல் இடம். அவளுக்குத் தெரியாமல் கை அதை விட்டிருந்தது. மறந்த இடத்தைச் சுற்றிய வட்டம், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் உருண்டையாக இருந்தது. ‘ஏன்?’ என்று எழுதப் போனவள், இதை யாராவது கடையில் வந்து கேட்பார்களே என்று எழுதாமல் விட்டிருந்தாள்.

தாளைக் கசக்கினாள். இன்னொன்று எடுத்தாள். மறுபடி இரண்டு விரல் இடம்.

நோட்ஸ் எழுதாமல் படிக்க அவளுக்குத் தெரியாது. எழுதினால் அது கண்ணாடிக்குப் போகும். கண்ணாடிக்குப் போகும் என்று தெரிந்தால் கை வேறு யாருக்கோ எழுதும். எழுந்து கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். மெஷின், அப்பா, கவுண்டர், அதற்கப்பால் குடைகள். அங்கே ஒரு வழியும் இல்லை. திரும்பும்போது அப்பாவின் பேனா டப்பா கண்ணில் பட்டது.

அதில் ஒரு வெளிர்நீலப் பென்சில் இருந்தது. ஒரிஜினல் தாள்களில் வரிசை எண் குறிக்க அப்பா வைத்திருப்பது. அந்த நீலம் மெஷின் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிமேல் வைத்தால் வெள்ளையாகவே விழும். கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

காலையில் மழை விட்டிருந்தது. கவுண்டருக்கு வெளியே பசங்கள் முட்டிமோதினார்கள். அப்பா மேஜையிலிருந்து ஒளிப் பாடத்தை அள்ளிக்கொண்டு போனார். பளிச்சென்று வெளியே வெயில், கடைக்குள் இருட்டு. தாளைச் சரியாகப் பார்க்கவில்லை. கவிழ்த்தார், மூடினார், அழுத்தினார்.

வெள்ளைத் தாள் வந்தது.

டோனரைக் குலுக்கிப் போட்டார். மறுபடி வெள்ளை. மூடியைத் திறந்து தாளை எடுத்து வெயில் பக்கம் பிடித்தார். விளிம்பிலிருந்து விளிம்புவரை, ஒரு விரல்கூட இடம் விடாமல், வானத்தின் நிறத்தில் எழுத்து. அம்பு. வட்டம். நாலைந்து இடத்தில் ‘ஏன்?’ ஒரு இடத்தில் ‘சனியனே’.

அப்பா அதைப் பிடித்தபடியே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“பென்சில் மாறி எடுத்துட்டியா கண்ணு?”

“இல்லப்பா.”

அம்மா கையிலிருந்த ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள்.

“இருட்டு ஏத்தினா இதுவும் விழும். தெரியும்ல உனக்கு?”

“தெரியும். சாம்பலா விழும். படிக்கலாம்.”

“அப்புறம் எதுக்கு இந்த வேலை?”

“ஏத்தறது நீங்கதானே ஏத்தணும்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டுத் தன் தாளைக் குனிந்து பார்த்தாள், அதில் ஒன்றுமே எழுதியிருக்காவிட்டாலும்.

அப்பா கடைக்குத் திரும்பினார். தாளைக் கவிழ்த்து வைத்தார். இருட்டு ஏற்றுகிற பொத்தான்மேல் விரலை வைத்தார். ஓர் அழுத்து. இரண்டாவது அழுத்து. மெஷினின் சின்னப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

“வந்துடுச்சா அங்கிள்?”

“எனக்கு ரெண்டு செட்.”

“எனக்கு முதல்ல அங்கிள், நான்தான் முதல்ல வந்தேன்.”

கடைசி விளக்குக்கு இன்னும் ஓர் அழுத்துதான் பாக்கி. அப்பா விரலை எடுத்தார். பக்கவாட்டில் கைவிட்டு மெஷினையே நிறுத்தினார். சீசனில் பகல் நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது கிடையாது. பசங்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“ஒளி இல்லப்பா. மின்சாரம், காந்தம், அதுவும் இல்ல. வீட்டுக்குப் போங்க.”

“நாளைக்கு வரட்டுமா அங்கிள்?”

“நாளைக்கும் இல்ல.”

“அப்ப நாங்க எப்படிப் படிக்கிறது?”

“புஸ்தகம் இருக்குல்ல?”

“புஸ்தகத்தை எப்படி அங்கிள் படிக்கிறது?”

அவர் என்ன சொல்வார் பாவம். அவருக்கு மட்டும் தெரியுமா? யாரும் நகரவில்லை. ஒருவன் கவுண்டர்மேல் எக்கி, திரையைப் பார்த்துக் கத்தினான். “ஒரிஜினல், ப்ளீஸ். ஒளி மட்டும்.” இன்னொருவன் தொடர்ந்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து, கொஞ்சம் கெஞ்சலாக, கொஞ்சம் கேலியாக, அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தெருவுக்குப் போக இருந்த ஒரே வழியில் அவர்கள்தான் நின்றார்கள்.

அப்பா கொக்கியை எடுத்து ஷட்டரை இழுத்தார். அது கடகடவென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

கடை இருட்டானது. ஒரு பல்பைப் போட்டார். சூடான மெஷின் ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. வரும்படி வருகிற ஒரே காலத்தில் பட்டப்பகலில் மூன்று பேரும் தங்கள் கடைக்குள்ளேயே ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது. அம்மா பழக்கதோஷத்தில் ஸ்டேப்ளரை எடுத்தாள். அடிக்க ஒன்றும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

“எத்தனை நாளைக்குங்க இப்படி?” என்றாள்.

“தெரியல.”

காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து அப்பா அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மகளிடம் கொடுக்கவில்லை. தானே பிரித்து வைத்துக்கொண்டார்.

“சொல்லு,” என்றார். “நான் தர மாட்டேன்.”

அவள் மெஷினில் சாய்ந்து நின்று ஆரம்பித்தாள்.

“ஒளி காத்துல நேரா வேகமா வருது. கண்ணாடிக்குள்ள சாய்வா போறப்ப வேகம் குறையுது. குறைஞ்சா...”

நின்றாள். வெளியே ஷட்டரை யாரோ தட்டினார்கள். அப்பாவின் விரல் புத்தகத்தில் அந்த வரியின்மேல் இருந்தது.

“சொல்லவா?”

“வேணாம்ப்பா.”

மறுபடி தட்டினார்கள். இந்தமுறை பல கைகள். தகரம் அதிர்ந்தது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு நடுவே எதையோ தேடினாள்.

“சறுக்கிப் போவுமே, சேத்துல ஒரு சக்கரம் மட்டும் மாட்டின வண்டி மாதிரி... திரும்பும். நேரா நிக்கிற கோட்டுப் பக்கமா சாஞ்சு போகும்.”

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். “வண்டி, சேறெல்லாம் இதுல இல்லையே கண்ணு. ‘செங்குத்துக்கோட்டை நோக்கி விலகலடைகிறது’ன்னுதான் போட்டிருக்கு.”

“அதேதான்ப்பா.”

அதேதானா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயிரம் பாடங்கள் அவர் கைவழியாகப் போயிருந்தன. ஒன்றுகூட உள்ளே போனதில்லை. மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. ஷட்டருக்கு வெளியே கூப்பிடுகிற குரல்கள் குறையவே இல்லை. கேட்டுவிடப் போகிறது என்பதுபோல், தன் கடைக்குள்ளேயே திருடன் மாதிரி குரலைத் தாழ்த்தி, அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

“அடுத்தது?”